எண்ணிக்கையில் சேராதது

வானிலை நிலையத்தின் பின்புறம்
மழைமானிக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே
ஒரு சகுரா மரம்.
சுற்றிக் கம்பி வேலி,
கழுத்தில் தகர எண்.
ஆற்றங்கரை நெடுக ஆயிரம் நிற்க
வசந்தம் வந்ததா என்று
இது ஒன்றுதான் சாட்சி சொல்ல வேண்டும்.

ஐந்து பூ.
ஐந்து விரிந்தால் அறிவித்துவிடலாம்.
நான்கென்றால்
இன்னும் குளிர்காலம்தான் இந்த ஊருக்கு.

காலை பத்து மணி.
உகாய் கென்சாகு வருகிறார்,
அலுவலகச் சட்டை, கழுத்துப்பட்டை,
பின்னால் ஆறு கேமரா.
தொலைக்காட்சிப் பெண்ணின் கையில்
இரண்டு வாக்கியங்கள்:
பூத்திருந்தால் ஒன்று, பூக்காவிட்டால் ஒன்று.

அண்ணாந்து எண்ணுகிறார்.
ஒன்று.
இரண்டு.
தெற்குக் கிளையில் மூன்று.
நான்காவதின் காம்பை
ஒரு சிட்டுக்குருவி கடித்துப் பார்க்கிறது.
போ, போ என்று அரசாங்க ஊழியர் விரட்டலாமா?
விதியில் இல்லை.
விரட்டவில்லை. அதுவாகப் பறந்தது.

ஐந்தாவது,
அரும்பைக் கடந்து, மொட்டைக் கடந்து,
நுனி நெகிழ்ந்து நிற்கும் போது.
அதற்கு இன்னும் போது வரவில்லை.

"நான்கு" என்றார்.

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.
இரண்டாவது வாக்கியம்
சிரித்த முகத்தோடு ஒளிபரப்பானது.

அந்நேரம் பூங்காவில்
மொட்டுகளுக்குக் கீழே நீலத் தார்ப்பாய் விரித்து
செருப்பை ஓரமாக வைத்துக் காவல் இருந்தான்
பெயின்ட் கம்பெனியின் இளைய குமாஸ்தா.
நாற்பது பேருக்கு இடம் பிடிக்க வேண்டும்.
மேலே பார்க்கச் சொல்லவில்லை அவனை.
மீன்பணியாரக் கடைக்காரர்
காகித விளக்குகளைக் கட்டி முடித்து
மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கேமராக்கள் போனபின்
வேலியருகே நின்றாள் நிஷிகோரி மசுமி.
மழைமானியைத் துடைப்பவள்,
ஒப்பந்த ஊழியர்,
மார்ச் முப்பத்தொன்று வரைக்கும்.

"உகாய்-சான், கீழே பாருங்கள்."

முழங்கால் உயரம்.
கறுத்து வெடித்த பட்டையில்
காம்பே இல்லாததுபோல்
நடுமரத்திலிருந்து நேராக ஒரு பூ.
முழுசாக விரிந்த பூ.

அடிமரத்தில் பூத்தது கணக்கில் வராது
என்றார் அவர்.
குரலில் கொஞ்சம் வருத்தம்.

"தெரியும்.
எண்ணச் சொல்லவில்லை,
பார்க்கத்தான் சொன்னேன்."

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக
அந்த மரத்தின் முன் குந்தினார்.
கழுத்துப்பட்டை மண்ணில் தோய்ந்தது.
இதழோரம் லேசாகப் பழுப்பு:
பூத்து இரண்டு நாளாவது இருக்கும்.
இரண்டு நாளாக
யாரும் அறிவிக்காமல்
இங்கேயே இருந்திருக்கிறது.

மறுநாள் பதினொன்று.
"பூத்தது" என்றார், கைதட்டினார்கள்.
முதல் வாக்கியம் ஊரெங்கும் பரவியது.
தார்ப்பாய்கள் நிறைந்தன,
பீர் வழிந்தது, நடுங்கிக்கொண்டே பாடினார்கள்,
ஓய்வு பெறுகிறவர் அழுதார்,
புதிதாய்ச் சேர்ந்தவன் தலைவணங்கி வணங்கி
முதுகு வலித்துப் போனான்.
இங்கே ஆண்டு முடிவதும்
ஆண்டு தொடங்குவதும்
இந்த மரத்தடியில்தான்.
விடைபெற வந்தவர்மேலும்
வேலைக்கு வந்தவர்மேலும்
ஒரே காற்றில் உதிர்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி மாலை
மசுமி சாவியை உறையிலிட்டு
மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
பூங்கொத்து
நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்.

ஏப்ரல் ஐந்து. இரவெல்லாம் மழை.
கால்வாயில் தண்ணீர் தெரியவில்லை,
இதழ்கள் தெப்பமாய் நகர்ந்தன.
காலையில் பதிவேடு சொன்னது:
மழையளவு, சுழியம்.

உகாய் குடையோடு ஓடினார்.
மழைமானியின் வாயை
இதழ்கள் அடைத்திருந்தன,
ஈரமாய், ஒன்றன்மேல் ஒன்றாய்,
கன்னத்தின் நிறத்தில்.
பெய்த மழை முழுக்க
விளிம்பு தாண்டிக் கொட்டிப்போயிருந்தது.

விரல் விட்டார், நுழையவில்லை.
பேனா முனையால் குத்தினார்,
இன்னும் உள்ளே போனது.

ஒவ்வொரு வசந்தமும் இதை
எதைக் கொண்டு எடுத்தாள்?
குச்சியா, கொண்டை ஊசியா?

கேட்டு வைக்கவில்லை.